புதிய கருவி வந்திருக்கிறது, மாறலாமா? ஒரு வெப் டெவலப்பரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் யார்? இது யாருக்காக?

சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட்டும், ஆர்டர், பில், ரசீது போடும் சிறு மென்பொருள்களும் செய்து கொடுப்பது என் தொழில். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், அறக்கட்டளை, மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி, இப்படித்தான் என் வாடிக்கையாளர்கள். ஐடி ஆள் என்று தனியாக யாரும் அவர்களிடம் கிடையாது. ஏதாவது நின்றுபோனால் என் போன்தான் அடிக்கும். ஒருமுறை செய்து கொடுத்தது ஏழெட்டு வருஷமாவது ஓட வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள்.

கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த நிலைமையில் இருந்து வந்த கருத்துகள். நூறு என்ஜினியர் இருக்கிற கம்பெனியில் கணக்கே வேறு. அங்கே ஒரு கருவி செத்துப்போனால் மாற்றி எழுத ஒரு டீம் இருக்கும்.

புதிதாக ஒன்று வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

அதில் இருந்து வெளியே வரும் வழியை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறோம். மென்பொருளில் மட்டும் அதைக் கேட்பதற்கு ஏனோ கூச்சம்.

ஆகவே டெமோ வீடியோவை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதா, அழுத்தினால் என்ன வருகிறது என்று பார்ப்பேன். சிஎஸ்வி, ஜேசன், எஸ்க்யூஎல் மாதிரி வேறு இடத்தில் திறக்கக்கூடியதாக வந்தால் நல்லது. 'சப்போர்ட்டுக்கு மெயில் போடுங்கள்' என்று வந்தால் அங்கேயே மூடிவிடுவேன்.

இது வெறும் பயம் இல்லை. மொபைல் ஆப்களுக்குப் பின்னால் டேட்டாபேஸ், லாகின் எல்லாம் தந்த பார்ஸ் என்ற சேவையை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனி கையில் இருக்கிறது, இனி என்ன கவலை என்று நிறைய பேர் அதில் ஆப் கட்டினார்கள். 2016 ஜனவரியில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது, அடுத்த ஜனவரியில் மூடியேவிட்டார்கள். ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. மூடும்போது சர்வர் நிரலைத் திறமூலமாக (யாரும் எடுத்து ஓட்டலாம் என்று) வெளியிட்டு, டேட்டாவை எடுத்துப் போக வழியும், ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தார்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டபோதும் நாம் படித்துக்கொண்டிருந்த தளங்களின் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வேறு ரீடரில் ஏற்ற முடிந்தது. எந்தக் கருவியும் ஒருநாள் மூடப்படலாம், அதை நம்மால் தடுக்க முடியாது. எப்படி மூடுவார்கள் என்பதை மட்டும் அதன் எக்ஸ்போர்ட் பக்கத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாவதாக, இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். மூன்றாவதாகத் தமிழில் ஒரு சோதனை. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இலவசம்தானே? போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?

போட்டுப் பார்ப்பதில் நஷ்டமே இல்லை. அதன் மேல் ஒரு வாடிக்கையாளரின் வியாபாரத்தை உட்கார வைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஹெரோக்கு பல வருஷம் இலவசமாக ஆப் ஓட்ட இடம் கொடுத்தது. கல்லூரி புராஜெக்ட் முதல் சின்னக் கம்பெனி வரை எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். 2022 நவம்பர் 28-ல் இலவசத் திட்டம் எடுக்கப்பட்டது. பிளானெட்ஸ்கேல் தன் இலவச டேட்டாபேஸ் திட்டத்தை 2024-ல் நிறுத்தியது. கூகுள் மேப்ஸை எந்தக் கணக்கும் இல்லாமல் வெப்சைட்டில் ஒட்டிக்கொண்டிருந்த காலம் 2018-ல் முடிந்தது. பில்லிங் கணக்கு இணைக்காத தளங்களில் மேப் இருண்டுபோய், நடுவில் டெவலப்பர்களுக்கான எச்சரிக்கை வாசகத்துடன் தெரிந்தது. 'எங்கள் கடை மேப்பில் ஏன் கறுப்பாக இருக்கிறது?' என்று கேட்டு எனக்கு வந்த போன்களை இன்னும் மறக்கவில்லை. நிரலை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓட்ட உதவும் டாக்கர் டெஸ்க்டாப் 2021-ல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் என்று விதியை மாற்றியது. 250 பேருக்கு மேல் வேலை செய்தாலோ, வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டினாலோ காசு கட்ட வேண்டும்.

இவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சர்வருக்குக் கரண்ட் பில் வரும்தானே. என் வழக்கம் இதுதான்: இலவசத் திட்டம் நாளைக்கு நின்றால் மாதம் எவ்வளவு ஆகும் என்று விலைப்பட்டியலைப் பார்த்து, அந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்தத் தொகைக்கும் அவர் சரி என்றால்தான் போடுவேன்.

அண்ணா, ரியாக்ட் படிக்கவா, வியூ படிக்கவா, ஸ்வெல்ட் படிக்கவா?

மூன்றுமே ஜாவாஸ்கிரிப்ட்டில் திரைகளைக் கட்டும் கருவிகள். வேலை தேடுகிறாய் என்றால் ரியாக்ட். விளம்பரங்களில் அதைத்தான் கேட்கிறார்கள், இதில் என் கருத்துக்கு இடமே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், சாதா ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஒழுங்காகப் படித்துவிடு. அறிவுரைக்காகச் சொல்லவில்லை, வரிசையைப் பார்: 2006-ல் ஜேக்வெரி வந்தது. 2010-ல் ஆங்குலர்ஜேஎஸ். அதைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு 2016-ல் ஆங்குலர் 2 வந்தபோது, பெயரில் பாதியைத் தவிர மற்றதெல்லாம் புதிது. பழையதற்கான ஆதரவு 2021 கடைசியோடு முடிந்தது. ரியாக்ட் 2013-ல் வெளியானது. 2019-ல் ஹூக்ஸ் வந்து எழுதும் முறையே மாறியது, அப்புறம் சர்வரிலேயே ஓடும் சர்வர் காம்போனன்ட்ஸ் வந்தது. எல்லா யூடியூப் பாடத்திலும் முதல் வரியாக இருந்த, புராஜெக்ட்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை, இனிப் புதிய வேலைகளுக்கு வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் 'ஃபார்ம்' என்ற எச்டிஎம்எல் டேக் அப்படியே இருக்கிறது.

என் சொந்த வேலையில் ரியாக்ட்டைக் குறைவாகத்தான் தொடுகிறேன். ஜவுளிக்கடையின் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு அது தேவையே இல்லை. நிறையப் பேர் ஒரே திரையில் மாற்றிக்கொண்டே இருக்கும் ஆர்டர் போர்டு மாதிரி இடத்தில் தேவைப்படும், அங்கே போடுவேன். பாதுகாப்பும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் ரியாக்ட் சர்வர் காம்போனன்ட்ஸில் ஒரு ஓட்டை வெளியானது. லாகின்கூட இல்லாமல், வெளியில் இருந்து ஒரே ஒரு கோரிக்கை அனுப்பி, சர்வரில் தன் நிரலை ஓட்டிவிடலாம். ஆபத்து அளவுகோலில் அதற்குக் கொடுத்தது பத்துக்குப் பத்து. பிரவுசரில் மட்டும் ரியாக்ட்டை ஓட்டியவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

டெயில்விண்ட்?

சிஎஸ்எஸ்ஸை எச்டிஎம்எல் டேக்குக்குள்ளேயே சின்னச் சின்னப் பெயர்களாக எழுதும் கருவி. பயன்படுத்துகிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

இன்னுமா பிஎச்பி எழுதுகிறீர்கள்?

ஆமாம், வெட்கப்படாமல். 1995-ல் வந்த, சர்வரில் ஓடும் நிரல் மொழி. 2015-ல் வந்த ஏழாம் பதிப்பு பழைய நிரல்களையே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. இன்றைய எட்டாம் பதிப்பில் எழுதுவதற்கும் பத்து வருஷத்துக்கு முன் நம்மூர் இன்ஸ்டிட்யூட்களில் சொல்லிக்கொடுத்த பிஎச்பிக்கும் சம்பந்தம் குறைவு. எந்தச் சாதாரண ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஹோஸ்டிங்காரர் சரியில்லை என்றால் இன்னொரு ஹோஸ்டிங்குக்குக் கோப்புகளையும் டேட்டாபேஸையும் தூக்கிக்கொண்டு போக ஒரு மதியம் போதும். வெளியே வரும் வழி என்று நான் சொல்வது இதைத்தான்.

பிஎச்பியில் எழுதிய, வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸும் அதே காரணத்துக்காகத்தான். உலக வெப்சைட்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில் ஓடுகின்றன. 2024-ல் வேர்ட்பிரஸ் தரப்புக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் பெரிய சண்டை. லட்சக்கணக்கான தளங்களில் இருந்த ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்), ராத்திரியோடு ராத்திரியாக வேறு கைக்கு மாறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக வேர்ட்பிரஸை விட்டுவிடவும் இல்லை, ஏனென்றால் நிரலும் டேட்டாவும் என் வாடிக்கையாளரின் சர்வரில் இருக்கின்றன. பிளகின்களைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு சின்ன வேலைக்கு ஒரு பேக்கேஜ் போட்டுக்கொண்டால் என்ன? எதற்கு எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும்?

பேக்கேஜ் என்பது வேறொருவர் எழுதிவைத்த ஆயத்த நிரல். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர், ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்டு என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் இருந்து தன் பேக்கேஜ்களை எல்லாம் எடுத்துவிட்டார். ஒரு எழுத்துக்கோவைக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் பேபெல் மாதிரி பெரிய கருவிகள் அதை நம்பி இருந்ததால் உலகம் முழுக்க பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) நின்றது. பிறகு அதே வசதி ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே 2017-ல் வந்துவிட்டது.

அது கோபம். அடுத்து வந்தவை திருட்டு. 2018-ல் ஈவென்ட்ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜைப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் ஒருவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தார். சாவி கைக்கு வந்ததும், ஒரு பிட்காயின் வாலெட்டைக் குறிவைத்துத் திருட்டு நிரலை உள்ளே சேர்த்தார். 2024-ல் பாலிஃபில் என்ற டொமைன் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டது. பழைய பிரவுசர்களுக்காக அந்த முகவரியில் இருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில், அந்த ஜூனில் பார்வையாளர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிடும் நிரல் வர ஆரம்பித்தது. தளத்துக்காரர்கள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. 2025 செப்டம்பரில் சாக், டீபக் மாதிரி வாரத்துக்கு நூறு கோடிக் கணக்கில் இறக்கப்படும் பேக்கேஜ்களின் பராமரிப்பாளருக்கு, என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில் வந்தது. அவர் ஏமாந்தார், பேக்கேஜ்களில் விஷம் ஏறியது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மாதத்தில், திருடிய கடவுச்சாவிகளை வைத்துத் தானாகவே அடுத்தடுத்த பேக்கேஜ்களுக்குப் பரவும் ஒரு புழுவும் கிளம்பியது.

சரி, இதற்காக எல்லாவற்றையும் நாமே எழுத முடியுமா? முடியாது. நான் செய்வது சில விஷயங்கள்தான். தேதியை அழகாகக் காட்டுவது, எண்ணுக்கு லட்சம் கோடிக் கணக்கில் கமா போடுவது இதெல்லாம் பிரவுசரிலேயே இருக்கிறது, அதற்கு பேக்கேஜ் போடுவதில்லை. வேறொருவர் டொமைனில் இருந்து ஸ்கிரிப்ட் இழுப்பதில்லை, கோப்பை நம் சர்வரிலேயே வைத்துவிடுவேன். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும் லாக் ஃபைலை, நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் சேர்த்துவைத்து, சர்வரில் அதன்படியே நிறுவுவேன். அப்புறம், வெளியான அன்றைக்கே எந்தப் பதிப்பையும் ஏற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் உடனே. மற்றதற்கெல்லாம் ஒரு வாரம் ஆறப்போடுவேன். செப்டம்பர் 2025 மாதிரித் திருட்டுகள் பெரும்பாலும் அந்த வாரத்துக்குள் வெளியே வந்துவிடுகின்றன. இப்போது பேக்கேஜ்களை நிறுவும் பிஎன்பிஎம் கருவியில் 'இத்தனை நேரம் கழித்துத்தான் எடு' என்று அமைப்பே இருக்கிறது. பேக்கேஜ் இறங்கும்போது அது பாட்டுக்கு ஏதாவது ஸ்கிரிப்ட் ஓட்டுவதையும் அதன் பத்தாம் பதிப்பு தானாகவே தடுத்துவிடும். நான் அதற்கு மாறியதற்கு வேகம் காரணம் இல்லை, இவை இரண்டும்தான்.

ஏஐ வந்துவிட்டது. இனி டெவலப்பர் தேவையா?

இந்தக் கேள்வியை வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பில்லைப் பேரம் பேசும் நேரமாகப் பார்த்துக் கேட்பார்கள்.

தினமும் பயன்படுத்துகிறேன். நிரல் எழுத உதவும் கோபைலட் 2021-ல் முன்னோட்டமாக வந்தபோது அடுத்த வரியை ஊகிக்கும் விளையாட்டாக இருந்தது. இன்றைக்கு ஒரு ஃபோல்டரையே கொடுத்து 'இதைப் பழைய பிஎச்பியில் இருந்து புதியதற்கு மாற்று' என்றால் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை விளக்கச் சொல்வது, டெஸ்ட் எழுதச் சொல்வது, நீளமான எஸ்க்யூஎல் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்பது, இதிலெல்லாம் அது எனக்கு மிச்சம் செய்யும் நேரம் நிஜம்.

மிச்சமாவது போலத் தோன்றுவதும் உண்டு. மீட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் 16 அனுபவசாலிகளை, அவர்களுக்கு நன்கு பழக்கமான திறமூல நிரல்களிலேயே வேலை செய்யவைத்துப் பார்த்தது. ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. வேலை முடிந்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். பதினாறு பேர்தான், அன்றைய கருவிகள்தான், இதை வைத்து ஏஐ வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 'எனக்கு வேகமாக இருப்பது போல இருக்கிறது' என்ற உணர்வை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

என் கட்டுப்பாடு ஒன்றுதான்: நிஜ டேட்டாபேஸின் கடவுச்சொல் அதன் கைக்குப் போகக்கூடாது. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரல் எழுதும் தளத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த நேரத்தில், ஒரு தொழில்முனைவோரின் நிஜ டேட்டாபேஸை அழித்தது. திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் அதுவே சொன்னது. கடைசியில் கொண்டுவர முடிந்தது. அழித்ததைவிட இந்தப் பதில்தான் எனக்குக் கவலை. ஒரு ஜூனியர் பையன் தப்புச் செய்தால் முகம் வெளிறும், நமக்குப் புரிந்துவிடும். இது அதே தெளிவான நடையில் சரியையும் சொல்லும், தப்பையும் சொல்லும்.

இன்னொன்று. இல்லாத பேக்கேஜின் பெயரை இருப்பது போலவே சொல்லும் பழக்கம் இதற்கு உண்டு. அந்தக் கற்பனைப் பெயர்களை முன்கூட்டியே பதிவுசெய்து விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏஐ சொன்ன பேக்கேஜை நிறுவுவதற்கு முன் அதன் பக்கத்தைத் திறந்து எப்போது வந்தது, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளருக்கு நான் சொல்லும் பதில்: 'பக்கம் போடுவதை அது செய்துவிடும் சார். ஞாயிற்றுக்கிழமை பேமென்ட் நின்றால் போன் யாருக்குப் போடுவீர்கள்?'

தமிழ் டேட்டாவுக்கு எந்தக் கருவியை நம்பலாம்?

பெரும்பாலான கருவிகள் ஆங்கிலத்தை வைத்துத்தான் சோதிக்கப்பட்டிருக்கும். அதனால் புதிதாக எது வந்தாலும் 'தமிழ்' என்ற ஒரே சொல்லை உள்ளே போட்டுப் பார்ப்பேன். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்டால் 5 என்கிறது, ஏனென்றால் இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதையே பைட் கணக்கில் எண்ணும் கருவி 15 என்கிறது. 'தலைப்பு 60 எழுத்துக்குள்' என்று வெட்டும் கருவிகள், புள்ளியைத் தள்ளிவிட்டு மெய்யை உயிர்மெய்யாக்கி நிறுத்திவிடும். சரியாக வெட்ட 'இன்டிஎல் செக்மென்டர்' என்ற வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டதால் இப்போது தயங்காமல் போடலாம்.

அடுத்தது அகர வரிசை. பள்ளிக்கூட மாணவர் பட்டியலைச் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் பழனிக்கு அடுத்துத்தான் பவித்ரா வருவாள், யூனிகோட் எண்ணில் ழ முதலிலும் வ பிறகும் இருப்பதால். நம் வரிசையில் ய ர ல வ ழ ள, அதாவது பவித்ராதான் முதலில். ஒப்பிடும்போது மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். ஒரே ஒரு வார்த்தைதான் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை.

தேடலில் ஒரு மாயம் உண்டு. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் ஒன்று இன்னொன்றைக் கண்டுபிடிக்காது. டேட்டாபேஸுக்குள் போகும் முன் எல்லாவற்றையும் யூனிகோட் முறைப்படி ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள்.

பிடிஎஃப்தான் உச்சம். ஜேஎஸ்பிடிஎஃப் மாதிரி நூலகங்கள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும், ஆகவே கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ரசீதில் அறக்கட்டளையின் பெயரே உடைந்திருந்தால் யார் நன்கொடை கொடுப்பார்கள்? நான் குரோமைப் பின்னணியில் ஓட்டி, பக்கத்தை அப்படியே பிடிஎஃப்பாக அச்சிட்டுவிடுகிறேன். பிஎச்பிக்குள்ளேயே வேண்டும் என்றால் எம்பிடிஎஃப் தமிழைச் சரியாகச் சேர்க்கிறது.

எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை வாங்கும்போது விலையை இரண்டாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70-தான், அதுவும் கொக்கி, புள்ளி எல்லாம் சேர்த்து.

ஏஐ சேவைகளிலும் இதே வரி நமக்கு உண்டு, டோக்கன் (எழுத்தை வெட்டிய துண்டு) கணக்கில் வசூலிக்கிறார்கள். ஆனால் குறைந்துவருகிறது. 2024-ல் ஜிபிடி 4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில் ஒரு தமிழ்ப் பத்தி 116 டோக்கனில் இருந்து 35 ஆனது. அதே பத்தி ஆங்கிலத்தில் 24.

நம்ம ஊர் மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பீர்களா? ஜோஹோ மாதிரி?

1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பெனி, இன்னும் வெளி முதலீட்டாளரிடம் போகாமல் நடக்கிறது. 'பணம் எங்கிருந்து வருகிறது' என்ற என் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வைத்திருக்கிறார்கள்: வாடிக்கையாளர் கட்டும் சந்தா. அதனால் மெயிலுக்கும் கணக்குக்கும் சிபாரிசு செய்கிறேன். தென்காசியில் அலுவலகம் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் எக்ஸ்போர்ட் பட்டனை அங்கேயும் அழுத்திப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

விக்ஸ் மாதிரி வெப்சைட் பில்டரில் நானே போட்டுக்கொள்ளக் கூடாதா சார்?

தாராளமாக. நாலு பக்கம், கடை முகவரி, வாட்ஸ்அப் எண் என்றால் எனக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: விக்ஸில் கட்டிய தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெளியேற நினைக்கும் நாளில் மறுபடி முதலில் இருந்து கட்ட வேண்டியதுதான்.

எதில் கட்டினாலும், யாரிடம் கொடுத்தாலும், டொமைன் பெயரை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். முன்பு செய்து கொடுத்தவர் போனை எடுப்பதில்லை, டொமைன் அவர் கணக்கில் இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். வெப்சைட் போனால் திரும்பக் கட்டலாம். இருபது வருஷமாக பில் புக்கிலும் போர்டிலும் அச்சடித்த முகவரி போனால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த டேட்டாபேஸ்?

மையெஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ். சின்ன வேலைக்கு எஸ்க்யூலைட்: டேட்டா முழுக்க ஒரே கோப்பு, காப்பி செய்தால் பேக்கப். 2000-ல் வந்தது, 2050 வரை ஆதரவு தருவோம் என்று அதைச் செய்பவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். டேட்டாவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியது, உடனே லினக்ஸ் பவுண்டேஷன் நிழலில் வால்கி என்ற கிளை (அதே நிரலில் இருந்து பிரிந்த தனிப் புராஜெக்ட்) முளைத்தது, அடுத்த வருஷம் ரெடிஸே திறமூல உரிமத்துக்குத் திரும்பியது. இந்தக் கூத்தில் என் வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளை பிரிக்க முடிகிற நிரலாக இருப்பதில் அவ்வளவு நிம்மதி.

கிளவுட் விழுந்தால்?

விழும். 2025 அக்டோபர் 20-ல் அமேசானின் ஏடபிள்யூஎஸ், நவம்பர் 18-ல் கிளவுட்ஃபிளேர். இரண்டுமே வெளித்தாக்குதல் இல்லை, உள்ளே நடந்த கோளாறுதான். சில மணி நேரம் நின்றால் என் வாடிக்கையாளர்களில் பலருக்குப் பெரிய பாதிப்பில்லை, அதற்காக இரண்டு கிளவுடில் ஓட்டிக் காசைக் கரைக்க வேண்டாம் என்பேன். பேக்கப் மட்டும் இன்னொரு கம்பெனியிடம், இன்னொரு கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். அதைத் திறந்து, ஓட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

எந்த எடிட்டர்?

விஎஸ் கோட். அதற்கு முன் நான் வைத்திருந்த பிராக்கெட்ஸ் 2021-ல் போனது, ஆட்டம் 2022-ல் போனது. நிரல் வெறும் டெக்ஸ்ட் கோப்பு என்பதால் இரண்டு முறையும் ஒரு சாயங்காலத்தில் மாறிவிட்டேன்.

அப்படியென்றால் புதியது எதையும் உடனே எடுத்துக்கொண்டதே இல்லையா?

உண்டு. எச்டிடிபிஎஸ் (தளப் பாதுகாப்பு) சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்தபோது உடனே மாறினேன். அதுவரை எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கு வருஷாவருஷம் காசு. இதில் பிடிக்கவில்லை என்றால் வேறு சான்றிதழைப் போட்டுக்கொள்ளலாம், மாட்டிக்கொள்ள எதுவுமே இல்லை. பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017-ல் பிரவுசர்களில் வந்ததும் எடுத்துக்கொண்டேன், நிரலைத் தொகுக்கும் வீட் (Vite) கருவியும் அப்படித்தான்.

சான்றிதழ் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். காலாவதி ஆகப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிக்கொண்டிருந்த மெயில் 2025 ஜூனில் நின்றுவிட்டது. எல்லா நிறுவனச் சான்றிதழ்களின் ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாள் ஆகப்போகிறது. இன்னும் கையால் புதுப்பிப்பவர்கள் இந்த வருஷமே தானியங்கிக்கு மாறிவிடுங்கள்.

லேப்டாப் எது வாங்கலாம்?

16 ஜிபி ரேம் இருந்தால் எந்தக் கம்பெனியும் சரி. மிச்சமாகும் காசில் ஒரு பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்ட் போன் வாங்கி, செய்யும் ஒவ்வொரு தளத்தையும் மொபைல் டேட்டாவில் அதில் திறந்து பாருங்கள். கடைக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது அதுதான்.